தகட்டுக்குப் பெயர் எழுதுவோம்



சங்கப் பாடல்களைத் தொகுத்த காலத்திலேயே, சில பாடல்களை இயற்றியவர் யார் என்பது மறைந்து போயிருந்தது. பாட்டு கிடைத்தது, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. ஆகவே, பாட்டில் வரும் அழகிய தொடர் ஒன்றையே எடுத்துப் பாடியவருக்குப் பெயராகச் சூட்டினர். குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரை இன்றும் நாம் செம்புலப்பெயனீரார் என்றே அழைக்கிறோம். அவருடைய பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் நமக்குத் தெரியாது.

ஓலையில் எழுதிய பாட்டுக்கு நேர்ந்த இதே நிலை, ஒலியாகப் பதிந்த பாட்டுக்கும் நேரலாம். குரல் இருக்கும், குரலுக்கு உரியவர் பெயர் இருக்காது. இக்குறையை நீக்க, ஒலித் தகட்டின் உள்ளேயே பெயர்களை எழுதி வைக்கும் வசதி ஒன்றை அறிஞர்கள் கண்டனர். வீட்டில் வைத்துக் குறுந்தகட்டில் ஒலி பதியும் கருவியிலும் இவ்வசதி வந்தது. பெயர் எங்கே எழுதப்படுகிறது, எப்போது எழுத வேண்டும், எழுதியதை எப்படி அழிப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் முறையாகக் காண்போம்.

குறுந்தகடு வந்த வரலாறு

நெதர்லாந்து நாட்டு ஃபிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பான் நாட்டு சோனி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கியதே சி.டி. எனப்படும் குறுந்தகடு. 1982ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இது ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. இதன் விட்டம் 12 சென்டிமீட்டர். தொடக்கத்தில் இத்தகடுகள் தொழிற்சாலையில் அச்சாகி வந்தவை மட்டுமே. கேட்கலாம், பதிய இயலாது. வீட்டில் பாட்டைப் பதிய விரும்புவோர் கேசட்டையே நம்பியிருந்தனர்.

1988ஆம் ஆண்டு ஜப்பானின் தையோ யூடன் நிறுவனம், ஒரு முறை பதியக்கூடிய தகட்டை உருவாக்கியது. இதனை சி.டி.ஆர். என்பர். அடுத்து, அழித்து அழித்துப் பதியக்கூடிய சி.டி.ஆர்.டபிள்யூ. என்னும் தகடு 1997ஆம் ஆண்டில் வந்தது. அக்காலத்தை ஒட்டியே, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வீட்டு உபயோகத்திற்கான பதிவுக் கருவிகள் பரவலாயின. பழைய கேசட் டெக்கைப் போன்ற தோற்றமுடைய இப்பெட்டிக்குக் கணினி தேவையில்லை. ரேடியோ, கேசட், மைக் எதிலிருந்தும் ஒலியை வாங்கித் தகட்டில் பதித்துவிடும்.

இவற்றுக்கிடையில் 1996ஆம் ஆண்டில், ஒலித் தகட்டில் எழுத்தையும் சேர்க்கும் விதிமுறை வெளியாயிற்று. அதற்கு சி.டி. டெக்ஸ்ட் என்று பெயர். இவ்வசதியுள்ள கருவியில் தகட்டை இட்டதும், வெறுமனே ‘1, 2, 3’ என்று எண் மட்டும் காட்டாமல், பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் சிறு திரையில் ஓடும்.

இன்று இத்தகைய பதிவுக் கருவிகளைக் கடைகளில் காண்பது அரிது. ஆயினும் இவற்றில் பதிந்த தகடுகள் வீடுகளின் அலமாரிகளில் இருக்கின்றன. அவற்றில் எவற்றுக்குப் பெயர் உண்டு, எவற்றுக்கு இல்லை என்பதை அறியவும், பெயர் இல்லாதவற்றைக் காப்பாற்றவும் இப்பாடம் பயன்படும்.

பாட்டின் அருகே ஓர் ஓரம்

ஒலித் தகட்டில் எழுத்துக்கு இடம் எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை தெளிவாகும்.

குறுந்தகடு, ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாக எழுதுகிறது. வலப்பக்க ஒலி, இடப்பக்க ஒலி என இரண்டு உண்டு. ஒவ்வோர் அளவையும் எழுத 2 பைட் வேண்டும். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே ஒரு விநாடி இசைக்கு 44,100 × 2 × 2 = 1,76,400 பைட்டுகள் தேவை.

இவ்வளவையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல், 24 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகக் கட்டுகின்றனர். 1,76,400ஐ 24ஆல் வகுத்தால் 7,350. அதாவது, ஒரு விநாடிக்கு 7,350 பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும், கடைக்காரர் பொட்டலத்தின் மேல் விலையைக் குறித்து வைப்பது போல, இசையைச் சேராத ஒரு பைட் குறிப்பு எழுதப்படுகிறது. இதுவே நாம் தேடும் ஓரம்.

98 பொட்டலங்கள் சேர்ந்தது ஒரு தொகுதி. விநாடிக்கு 75 தொகுதிகள். ஒரு தொகுதியில் உள்ள 98 குறிப்புகளில் முதல் இரண்டும் ‘இங்கே தொகுதி தொடங்குகிறது’ என்று அடையாளம் காட்டுவதற்கே சரியாய்ப் போகும். மீதி 96. ஒவ்வொரு குறிப்பிலும் எட்டு பிட்டுகள் உண்டல்லவா? அந்த எட்டுக்கும் ஆங்கில எழுத்து வரிசையில் பி முதல் டபிள்யூ வரை பெயரிட்டுள்ளனர். முதல் பிட் பாடல்களுக்கு இடையேயுள்ள எல்லையைக் காட்டும். இரண்டாவது பிட் எத்தனையாவது பாட்டு, எத்தனையாவது நிமிடம் என்று சொல்லும். எஞ்சிய ஆறு பிட்டுகளும் பெரும்பாலான தகடுகளில் பல ஆண்டுகள் வேலையின்றியே இருந்தன. அந்த ஆறு பிட்டுகளையே எழுத்துக்கு ஒதுக்கினர்.

96 × 6 = 576 பிட். அதாவது 72 பைட். இதனை 18 பைட் வீதம் நான்கு கட்டுகளாகப் பிரிக்கலாம். ஒரு கட்டில் முதல் 4 பைட், இது பாட்டின் பெயரா, பாடியவர் பெயரா, எத்தனையாவது பாட்டுக்கு உரியது என்று கூறும் முகவரி. அடுத்த 12 பைட், பெயருக்கு உரிய எழுத்துகள். கடைசி 2 பைட், வந்த செய்தி சரியா, தவறா என்று சோதிக்கும் கணக்கு. வகுத்தல் கணக்கில் மீதியை வைத்து விடையைச் சரிபார்க்கிறோமே, ஏறக்குறைய அது போன்றதுதான். தகட்டில் கீறல் விழுந்து ஒரு கட்டு கெட்டிருந்தால், இச்சோதனையால் கருவி அதைக் கண்டுகொள்ளும்.

ஒரு மொழிக்கு 256 கட்டுகள் வரை இடம் உண்டு. அவற்றில் மூன்று கட்டுகள் மொத்த அளவைக் குறிக்கச் செலவாகும். எஞ்சியவை 253. ஒரு கட்டுக்கு 12 எழுத்து எனில், 253 × 12 = 3,036. ஏறக்குறைய 3,000 எழுத்துகள்! இருபது பாட்டுகளின் பெயரையும் பாடியவர் பெயரையும் எழுத இது தாராளமாகப் போதும்.

பொருளடக்கம் ஏன் கடைசியில் அச்சாகிறது?

இடம் கண்டோம். அது தகட்டின் எந்தப் பகுதியில் இருக்கிறது?

நாம் எழுதும் தாளைப் போலன்றி, குறுந்தகடு நடுவிலிருந்து தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் படிக்கப்படுகிறது. நடுத் துளைக்கு அருகே, முதல் பாட்டுக்கும் முன்னால், இசையே இல்லாத ஒரு வட்டம் உண்டு. இதனை முகப்பு வட்டம் என்று சொல்லுவோம். தகட்டில் எத்தனை பாட்டு, எது எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் இங்கேதான் இருக்கும். வீட்டுக் கருவியில் எழுதும் பெயர்களும் இங்கேயே, மேலே கண்ட ஆறு பிட்டுகளில், மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றன. ஓரிடத்தில் தவறினாலும் அடுத்த இடத்தில் படித்துக்கொள்ளலாம் அல்லவா? தகட்டை இட்டவுடன் கருவி சில விநாடிகள் தயங்குவது, இந்த முகப்பைப் படிப்பதற்காகவே.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. வீட்டில் பதியும்போது இன்று இரண்டு பாட்டு, அடுத்த வாரம் மூன்று பாட்டு என்று சேர்த்துக்கொண்டே போவோம். மொத்தம் எத்தனை என்பது கடைசியில்தான் தெரியும். அப்படியானால் பட்டியலை முதலிலேயே எப்படி எழுதுவது?

நம் பள்ளி ஆண்டு மலரையே எடுத்துக்கொள்ளுங்கள். பொருளடக்கம் முதல் பக்கங்களில் நிற்கிறது. ஆனால், கட்டுரைகள் எல்லாம் வந்து, பக்க எண் முடிவான பிறகே அது அச்சேறுகிறது. பதிவுக் கருவியும் அப்படியே செய்கிறது. முகப்பு வட்டத்தை வெறுமையாக விட்டுவிடும். அதற்கும் உட்புறத்தில் ஒரு சிறு பகுதியில், இதுவரை பதிந்த பாடல்களைப் பற்றிய தற்காலிகக் குறிப்பை வைத்துக்கொள்ளும். ‘இனிப் பதிய வேண்டியது இல்லை’ என்று நாம் கட்டளை இட்ட பிறகே, முகப்பு வட்டத்தில் முழுப் பட்டியலையும் எழுதி முடிக்கும். இவ்வாறு முடித்து வைப்பதை ஃபைனலைஸ் செய்தல் என்பர். இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். முடித்து வைக்காத சி.டி.ஆர். தகடு சாதாரண சி.டி. பிளேயரில் பாடாது.

பெயர்கள் பட்டியலோடு சேர்ந்து எழுதப்படுவதால், முடித்து வைக்கும் அந்தச் சில நிமிடங்களே பெயர் தகட்டில் ஏறும் நேரம். அதுவரை நாம் தட்டிய பெயர்கள் கருவியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். திரையில் பெயர் தெரிகிறதே என்று எண்ணி, தகட்டை எடுத்து வேறு கருவியில் இட்டு முடித்து வைத்தால், அந்தக் கருவிக்குப் பெயர்கள் தெரியாது. பாடல்கள் மட்டும் முடிவடையும். பெயர்கள் முதற் கருவியிலேயே தங்கிவிடும்.

பெயர் எழுதும் முறை

பொத்தான்களின் பெயரும் இருப்பிடமும் கருவிக்குக் கருவி மாறும். ஆயினும் செயல் முறை பொதுவாக ஒன்றே.

1. பாடல்கள் அனைத்தையும் பதிந்து முடியுங்கள். ஒவ்வொன்றையும் கேட்டு, எந்த எண்ணில் எந்தப் பாட்டு என்று நோட்டுப் புத்தகத்தில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். பாட்டின் நடுவே சற்று மௌனம் வந்தால், கருவி அதைப் புதிய பாட்டு என்று எண்ணி எண்ணைக் கூட்டிவிடுவதும் உண்டு. ஆகவே இச்சோதனை அவசியம்.

2. தகட்டைக் கருவியில் இட்டு, ஓட்டத்தை நிறுத்துங்கள். ஓடும்போது எழுத்து வேலை வேண்டாம்.

3. ‘டெக்ஸ்ட்’ அல்லது ‘எடிட்’ என்னும் பகுதிக்குச் செல்லுங்கள். தகட்டின் பெயர், பாடியவர் பெயர், ஒவ்வொரு பாட்டின் பெயர் எனத் தனித் தனி இடங்கள் கேட்கப்படும்.

4. கருவியின் குமிழைத் திருகியோ, ரிமோட்டின் எண் பொத்தான்களை அழுத்தியோ ஒவ்வோர் எழுத்தாகத் தேர்ந்தெடுங்கள். ஓர் எழுத்தை உறுதி செய்த பின்னரே அடுத்ததற்குச் செல்லுங்கள். ஒரு பெயருக்கு இத்தனை எழுத்து என்ற வரம்பு கருவிக்குக் கருவி வேறுபடும். கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

5. பெயர் முழுமையானதும், அதைச் சேமிக்கும் பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாமல் வெளியேறினால் உழைப்பு வீணாகும்.

6. எல்லாப் பெயர்களையும் மீண்டும் ஒரு முறை வரிசையாகத் திரையில் ஓட்டி, நோட்டுப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்த்தால் பிழை நழுவாது.

7. எல்லாம் சரியென்று கண்ட பின்னரே ஃபைனலைஸ் செய்யுங்கள். அது முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. தகட்டை எடுக்கவும் கூடாது.

பள்ளி பல்லியாகலாமா?

எழுத்து வசதி வந்தது. ஆனால் எல்லா மொழிக்கும் வரவில்லை. 1996இல் வகுத்த விதிமுறை, மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்கும் ஜப்பானிய எழுத்துகளுக்கும் வழி செய்தது. தமிழ் எழுத்துக்கு அதில் இடம் இல்லை. உலக மொழிகளின் எழுத்துகளை எண்களாக்கும் யூனிகோடு என்னும் முறையில், 1991ஆம் ஆண்டு வந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆயினும் ஒலித் தகட்டின் இந்தச் சிறு ஓரத்துக்குள் அது நுழையவில்லை.

ஆகவே தமிழ்ப் பாட்டின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது. ‘மார்கழி’ என்பது தமிழில் நான்கே எழுத்து. ஆங்கில எழுத்தில் எழுதினால் எட்டு ஆகும். பெயர் முடிந்தது என்று காட்டும் குறியையும் சேர்த்தால் ஒன்பது. 12 எழுத்துள்ள ஒரு கட்டில் மீதி மூன்று இடம்தான். அந்த மூன்றும் வீணாகாமல், அடுத்த பாட்டின் பெயர் அங்கிருந்தே தொடங்கும்.

இடத்தைவிடப் பெரிய இடர் ஒன்றும் உண்டு. ல, ள இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. ந, ன, ண மூன்றுக்கும் ஒரே எழுத்து. ‘பள்ளிப் பாட்டு’ என்று நாம் எழுதியதை ‘பல்லிப் பாட்டு’ என்று ஒருவர் படித்தால் அவரைக் குறை கூற முடியுமா? ‘மனம்’ எது, ‘மணம்’ எது என்று திரையைப் பார்த்துக் கூற இயலாது. எனவே தகட்டின் உள்ளே ஆங்கில எழுத்தில் எழுதியதோடு நில்லாமல், உறையில் வைக்கும் தாளில் தமிழில் பிழையற எழுதி வைக்க வேண்டும். கருவிக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று.

அழித்தல் மூன்று வகை

எழுதுவதைவிட அழிப்பதில்தான் மிகுந்த கவனம் தேவை. காரணம், ‘இரேஸ்’ என்ற ஒரே சொல் கருவியில் மூன்று வேறு செயல்களைக் குறிக்கக்கூடும்.

முதல் வகை: நினைவகத்தில் உள்ள பெயரை அழித்தல். முடித்து வைக்காத தகட்டின் பெயர்கள் இன்னும் கருவியிடமே உள்ளன. ஓர் எழுத்தை மாற்றலாம். ஒரு பெயரை நீக்கலாம். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து எழுதலாம். தகட்டுக்கு ஒரு கேடும் வராது. இது சிலேட்டில் எழுதி அழிப்பது போல.

இரண்டாம் வகை: முடித்து வைத்த தகட்டில் பெயரை அழித்தல். இங்கே தகட்டின் இனத்தைப் பார்க்க வேண்டும். சி.டி.ஆர். தகட்டில் சாயப் பூச்சு ஒன்று உண்டு. லேசர் ஒளியின் சூடு பட்டதும் அச்சாயம் நிலையாக மாறிவிடும். பழைய நிலைக்குத் திரும்பாது. எழுத்தாணியால் ஓலையில் கீறிய எழுத்தை அழிக்க முடியாதது போல, முடித்து வைத்த சி.டி.ஆர். தகட்டின் பெயரைத் திருத்தவும் முடியாது, புதிதாகச் சேர்க்கவும் முடியாது. பாடல்களை வேறொரு புதுத் தகட்டில் படியெடுத்து, அங்கே பெயர் எழுதுவதே வழி.

சி.டி.ஆர்.டபிள்யூ. தகட்டின் கதை வேறு. அதில் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகிய தனிமங்கள் கலந்த பூச்சு உண்டு. மிகுந்த சூட்டில் உருகிச் சட்டென்று ஆறினால், அதன் அணுக்கள் ஒழுங்கற்ற நிலையில் நின்று ஒளியைக் குறைவாகத் திருப்பும். அதைவிடக் குறைந்த சூட்டில், ஏறக்குறைய 200 பாகை செல்சியசில் இதமாகச் சூடேற்றினால், அணுக்கள் மீண்டும் ஒழுங்காக அணிவகுத்து நிற்கும். இவ்வாறு ஏறக்குறைய ஆயிரம் முறை எழுதி அழிக்கலாம். ஆகவே இத்தகட்டை ‘அன்ஃபைனலைஸ்’ செய்து முகப்பு வட்டத்தை மட்டும் அழிக்க முடிகிறது. பாடல்கள் அப்படியே இருக்கும். பிறகு பெயரைத் திருத்தி, மறுபடியும் முடித்து வைக்கலாம். ஆனால், இத்தகடு ஒளியைக் குறைவாகத் திருப்புவதால், பழைய பிளேயர்கள் பலவற்றில் பாடாது. திருத்தும் வசதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

மூன்றாம் வகை: பாட்டையே அழித்தல். சி.டி.ஆர்.டபிள்யூ. தகட்டில் கடைசிப் பாட்டை மட்டுமோ, தகடு முழுவதையுமோ அழிக்கலாம். இதுவும் அதே ‘இரேஸ்’ பட்டியலில் அருகருகே நிற்கும். பெயரை அழிக்கப் போய்ப் பாட்டையே அழித்துவிட்டால், அதை மீட்டுத் தரும் பொத்தான் கருவியில் இல்லை. ஆகவே, உறுதி செய்யும் பொத்தானை அழுத்துமுன், அழியப் போவது எழுத்தா, ஒலியா என்பதைத் திரையில் வாய்விட்டு வாசியுங்கள். மனத்துக்குள் வாசிப்பதைவிட இது பாதுகாப்பானது. ஐயம் எழுந்தால் நிறுத்துங்கள். தவறான பெயரோடு ஒரு பாட்டு இருப்பது, சரியான பெயரோடு பாட்டே இல்லாதிருப்பதைவிட மேலானது.

தகட்டின் மேல் எழுதும் பெயர்

உள்ளே எழுதிய பெயர் எல்லாக் கருவியிலும் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. சி.டி. டெக்ஸ்ட் வசதி இல்லாத பிளேயர் பாட்டைப் பாடும், பெயரைக் காட்டாது. கணினியிலும் சில மென்பொருள்களே இவ்வெழுத்தைப் படிக்கின்றன. ஆகவே தகட்டின் மேற்புறத்திலும் எழுத வேண்டும்.

இதில் பலரும் அறியாத உண்மை ஒன்று உண்டு. பளபளக்கும் அடிப்பக்கம்தான் மென்மையானது, மேற்பக்கம் முரட்டுத்தனமானது என்று நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அடிப்புறத்துத் தெளிவான பிளாஸ்டிக்கே. ஒலி பதிந்த பூச்சு மேற்புறத்தில், மெல்லிய ஒரு மெருகுக்கு நேர் கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால், நாம் எழுதும் பெயரே பாட்டைக் கீறிவிடும். நுனி மென்மையான, நீரில் கரையும் மையுள்ள பேனாவால், நடுத் துளையைச் சுற்றியுள்ள தெளிவான வளையத்தில் சிறிதாக எழுதுவதே சிறந்தது. காகிதச் சீட்டு ஒட்டினால், அது கோணலாக அமைந்து தகட்டின் சமநிலையைக் கெடுக்கக்கூடும். ஒட்டியதைப் பிய்த்தாலோ, மேற்பூச்சும் சேர்ந்து உரியலாம்.

சாயப் பூச்சுள்ள தகடுகளை வெயிலில் வைக்கக் கூடாது. வெப்பமும் ஒளியும் சாயத்தைக் கெடுக்கும். உறையில் இட்டு, இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் நிறுத்தி வையுங்கள்.

என்ன எழுத வேண்டும்?

எப்படி எழுதுவது என்று கற்றோம். என்ன எழுதுவது என்பதே இதனினும் முக்கியம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். ஒரு வீட்டில் பழைய கேசட்டிலிருந்து படியெடுத்த தகடு இருக்கிறது. அதன் ஏழாவது பதிவில் ஒரு மூதாட்டி தாலாட்டுப் பாடுகிறார். தகட்டை இட்டால் திரையில் ‘7’ என்று மட்டும் தெரிகிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு அக்குரல் யாருடையது என்று முதல் சொல்லிலேயே தெரியும். ஆகவே பெயர் எழுதும் தேவை அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின் வரும் பேரப்பிள்ளைகளுக்கு? அவர்களைப் பொறுத்தவரை அது யாரோ ஒரு பாட்டியின் குரல். பதிவு கெடவில்லை, கருவியும் பழுதில்லை. ஒரு பெயர் எழுதாமையால், கொள்ளுப்பாட்டி அந்நியராகிவிடுகிறார்.

குரலை இயந்திரம் பதியும். அது யாருடைய குரல் என்பதை அறிந்தவர் சொன்னால்தான் உண்டு. சொல்லக்கூடியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிட வேண்டும். தகட்டை முடித்து வைக்கும் முன் பெயர் எழுத வேண்டும் என்ற கருவியின் விதி, வீட்டுக்கும் பொருந்தும்.

ஒவ்வொரு பதிவுக்கும் நான்கு செய்திகள் தேவை: பாடியவர் அல்லது பேசியவர் யார், பாட்டு எது, பதிந்த ஆண்டு எது, பதிந்த ஊர் எது. ‘அம்மா’, ‘அத்தை’ என்று எழுதாமல் முழுப் பெயரை எழுதுங்கள். யாருக்கு அம்மா, யாருக்கு அத்தை என்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் எவருக்கும் விளங்காது. குழுவாகப் பாடிய பாட்டில் முன்னின்று பாடியவரோடு, ஆர்மோனியம் வாசித்தவர், பாட்டு எழுதிக் கொடுத்தவர் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐயமுள்ள செய்தியின் அருகே கேள்விக்குறி இடுங்கள். ஊகத்தை உறுதி போல எழுதினால், பின்னர் வருவோர் அதையே உண்மை என்று கொள்வர்.

மாணவியரே! இவ்வாண்டு விடுமுறையில் ஒரு பணியை மேற்கொள்ளுங்கள். வீட்டில் பழைய தகடுகளும் கேசட்டுகளும் இருந்தால், பெற்றோரின் அனுமதியோடு எடுத்துத் துடைத்து, பெரியவர்களை அருகில் அமர்த்தி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். குரலைக் கேட்டதும் அவர்கள் கூறும் பெயரையும் செய்தியையும் எழுதிக்கொள்ளுங்கள். பதிவுக் கருவி இல்லை என்று வருந்த வேண்டாம். கணினியில் படியெடுத்தாலும், கைபேசியில் பதிந்தாலும் பெயர் எழுதும் கடமை ஒன்றே. இவை எதுவும் இயலாவிடில், நாற்பது பக்க நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும் போதும். பெற்றோரும் இப்பணிக்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் தருமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஒரு தொகுதியில் நான்கு கட்டுகள் அடங்கும். விநாடிக்கு 75 தொகுதிகள். 256 கட்டுகளையும் ஒரு முறை படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? (விடை ஒரு விநாடிக்கும் குறைவு. கணக்கிட்டுக் காண்க.)

2. முடித்து வைக்காத தகட்டின் பெயர்கள் எங்கே இருக்கின்றன?

3. முடித்து வைத்த சி.டி.ஆர். தகட்டில் ஒரு பெயர் தவறாக இருந்தால் என்ன செய்யலாம்? சி.டி.ஆர்.டபிள்யூ. தகடாக இருந்தால் என்ன செய்யலாம்?

4. ‘பள்ளி’, ‘பல்லி’ போல, ஆங்கில எழுத்தில் ஒன்றாகிவிடும் தமிழ்ச் சொல் இணைகள் ஐந்து எழுதுக.

5. உங்கள் வீட்டில் உள்ள ஒலிப்பதிவுகளில், இன்றைக்கு ஒரே ஒருவரால் மட்டும் அடையாளம் சொல்லக்கூடிய குரல் எது? அவரிடம் கேட்டு எழுதிவிட்டீர்களா?